எல்லா மாத்திரையும் சாப்பிட்டாச்சு, டாக்டர்

(பொதுமக்களுக்கான மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"எல்லா மாத்திரையும் சாப்பிட்டாச்சு டாக்டர், ஒண்ணும் கேக்கல." மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியோடு பல வருடம் மல்லாடியவர்கள், நரம்பியல் மருத்துவரின் அறையில் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். கூட வந்த கணவரோ அம்மாவோ ஒரு துணிக்கடைப் பையை மேசைமேல் வைப்பார். உள்ளே நாலைந்து டாக்டர்களின் மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், இரண்டு ஸ்கேன் படங்கள் இருக்கும்.

அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும். ஏழெட்டு மருந்துகளின் பெயர் இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட உரிய அளவில், உரிய காலம் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒன்று பத்து நாளில் நின்றிருக்கும், ஏனென்றால் வாய் வறண்டது. இன்னொன்று ஆரம்ப அளவிலேயே நின்றிருக்கும், ஏனென்றால் அளவைக் கூட்ட அடுத்த முறை வரச் சொன்னது யாருக்கும் நினைவில்லை. மூன்றாவதைத் தொடங்கிய அதே நாளில் நான்காவதையும் தொடங்கியிருப்பார்கள். எது வேலை செய்தது, எது தூக்கத்தைக் கொடுத்தது, எது எடையைக் கூட்டியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கான தடுப்பு மருந்தை எப்போது மாற்றுவது, எப்போது இன்னொன்றைச் சேர்ப்பது என்பதே இன்றைய தலைப்பு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய மருத்துவப் பழக்கத்தில் மருந்தைச் சேர்ப்பது மிகச் சுலபமாக நடக்கிறது. ஒரு மருந்தை ஒழுங்காக முழுமையாகப் பார்ப்பதும், பலிக்காததை எடுத்துவிடுவதும் அபூர்வமாகவே நடக்கின்றன. வலி தீராமல் போவதற்கு மருந்துகளின் பலவீனம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. இந்தக் குளறுபடியும் அதற்குச் சளைத்த காரணம் இல்லை.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாளாவது மைக்ரேனின் குணங்களோடு வரும் வலி, இந்த நிலை 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது: இதைத்தான் சர்வதேசத் தலைவலிச் சங்கம் நாட்பட்ட மைக்ரேன் என்று வரையறுக்கிறது. மைக்ரேனின் குணங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். துடிதுடிப்பான வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமை, மாடிப்படி ஏறினால் கூடுவது. மைக்ரேன் நம் பக்கத்தில் அபூர்வ நோயும் இல்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் வீடுவீடாகச் சென்று எடுத்து 2015-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் ஏறத்தாழ 25 சதவீதம். நாலு பேரில் ஒருவர். அவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அது நாட்பட்டதாக மாறுகிறது. ஆனால் அந்தச் சிறு பகுதியில் பெரும்பாலோர் வீட்டையும் வேலையையும் ஒருசேரத் தாங்குகிற வயதில் உள்ள பெண்கள்.

இரண்டு வகை மாத்திரை இருக்கிறது. வலி வந்தால் போடுவது ஒன்று. வலி வந்தாலும் வராவிட்டாலும் தினமும் போட்டு, வரும் நாட்களைக் குறைப்பது இன்னொன்று. இரண்டாவது வகைதான் தடுப்பு மருந்து. இது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் இறங்குவதுபோல உடனே காட்டாது. "மாத்திரை போட்ட அன்னைக்கே வலி வந்துருச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்களிடம் கோபித்துப் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர் அதை விளக்கியிருக்க வேண்டும்.

முதல் வகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதம் 15 நாளுக்கு மேல், டிரிப்டான், எர்கோட்டமின் அல்லது பல மருந்து கலந்த வலி மாத்திரைகளை மாதம் 10 நாளுக்கு மேல், இப்படி 3 மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். எர்கோட்டமினும் காஃபினும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமலே கைமாறுகிறது. அதைத் தினமும் போட்டுக்கொண்டு, தடுப்பு மருந்து பலிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

அதற்காக, வலி மாத்திரையை முற்றிலும் விட்டால்தான் தடுப்பு மருந்து தருவேன் என்று நோயாளியை வதைக்க வேண்டியதும் இல்லை. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வலி மாத்திரையை அளவுமீறி எடுத்துவந்த நாட்பட்ட மைக்ரேன் நோயாளிகள் 720 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் தடுப்பு மருந்து உண்டு. ஒரு தரப்பினர் பழைய வலி மாத்திரையை விட்டு வேறொன்றுக்கு மாறி, அதையும் வாரம் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மறு தரப்பினர் பழைய மாத்திரையையே தொடரலாம். முடிவில் இருவருக்கும் வலி நாட்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. டென்மார்க்கில் 2020-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது: வலி மாத்திரையை நிறுத்துவதையும் தடுப்பு மருந்தையும் ஒரே நேரத்தில் தொடங்கியவர்களுக்கே பலன் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று நிச்சயம். தடுப்பு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, இந்தத் தடுப்பு மருந்துகள் எங்கிருந்து வந்தன? இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் நின்று சொல்கிறேன். அநேகமாக எல்லாமே இரவல். ப்ராப்ரனாலால் நெஞ்சுவலிக்காக வந்த மருந்து. 1966-இல் நெஞ்சுவலி நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது ஒருவர் தன் ஒற்றைத் தலைவலி குறைந்துவிட்டதாகச் சொன்னார். அங்கே தொடங்கியது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் வலிப்பு நோய் மருந்துகள். கேண்டசார்ட்டன் ரத்த அழுத்த மாத்திரை. நார்வேக்காரர்கள் 2003-இல் அதை மைக்ரேனுக்குச் சோதித்துக் காட்டினார்கள். போட்டாக்ஸ் ஊசியின் கதை இன்னும் வேடிக்கை. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் முகச்சுருக்கம் போக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள், "டாக்டர், தலைவலியும் போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அழகுக்காகப் போன இடத்தில் கிடைத்த தகவல் அது. 2010-இல் நாட்பட்ட மைக்ரேனுக்கு அது அங்கீகாரம் பெற்றது. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை.

மைக்ரேன் எப்படி உண்டாகிறது என்ற அறிவிலிருந்து நேராகப் பிறந்தவை சிஜிஆர்பி மருந்துகள். சிஜிஆர்பி என்பது முகத்துக்கும் தலைக்குமான முக்கிளை நரம்பின் நுனிகள் வெளியிடும் ஒரு சிறு புரதம். ஸ்வீடனின் லார்ஸ் எட்வின்சனும் ஆஸ்திரேலியரான பீட்டர் கோட்ஸ்பியும், வலி உச்சத்தில் இருக்கும்போது நோயாளிகளின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, அதில் சிஜிஆர்பி கூடியிருப்பதை 1990-இல் காட்டினார்கள். அதையே மைக்ரேன் உள்ளவர்களின் உடம்பில் செலுத்தினால் பலருக்கு வலி வருகிறது என்று டென்மார்க்கின் யெஸ் ஓலசன் குழு 2002-இல் காட்டியது. அந்தப் புரதத்தையோ அது போய் ஒட்டும் வாங்கியையோ அடைக்கும் ஊசிகளில் முதலாவதான எரெனுமாப் 2018-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஃப்ரெமனெசுமாப், கால்கனெசுமாப், எப்டினெசுமாப் பின்னால் வந்தன. அப்புறம் அடோஜெபாண்ட் போன்ற மாத்திரைகள். எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலசன் மூவரும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் என்பவரோடு 2021-இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெயின் பரிசைப் பெற்றார்கள்.

இரவல் மருந்து என்பதில் ஒரு சங்கடமும் உண்டு, ஒரு சௌகரியமும் உண்டு. எந்த மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதுவரை இல்லை. அது சங்கடம். ஆகவே, பலிப்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாதபோது, ஆளுக்கு ஒத்துப்போவதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். தூக்கம் கெட்டவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ப்ராப்ரனாலால் அல்லது கேண்டசார்ட்டன். உடல் பருமன் உள்ளவருக்கு டோபிராமேட், ஏனென்றால் அது எடையைக் குறைக்கும். இது சௌகரியம். தலைகீழாகவும் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ராப்ரனாலால் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவருக்கு டோபிராமேட் வேண்டாம். நம் ஊரில் ஏராளமாக எழுதப்படும் ஃப்ளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வைக் கிளறும், வயதானவர்களுக்குக் கை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும். மலச்சிக்கல் கடுமையாக உள்ளவருக்கு எரெனுமாப் எழுதுமுன் யோசிக்க வேண்டும்.

இனி, மாற்றுவது.

ஒரு மருந்து தோற்றது என்று எப்போது சொல்லலாம்? இரண்டு விதத் தோல்வி இருக்கிறது. பலன் இல்லாத தோல்வி, தாங்க முடியாத தோல்வி. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதால்தான் குழப்பம். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றிவிடலாம், அல்லது அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். முதலாவதற்குத்தான் பொறுமை வேண்டும். வாய்வழி மருந்தென்றால் முழு அளவை எட்டிய பிறகு குறைந்தது 8 வாரம். டோபிராமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 25 கூட்டி, 100-ஐ எட்டவே ஒரு மாதம் ஆகிறது. அதற்குமேல் 8 வாரம் என்றால் மொத்தம் மூன்று மாதம். ப்ராப்ரனாலால் நாளொன்றுக்கு 80 முதல் 160 மில்லிகிராம் வரை தேவைப்படும். 20 மில்லிகிராமை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு "அதுவும் கேக்கல" என்று கணக்கில் எழுதக் கூடாது. மாதாந்தர சிஜிஆர்பி ஊசிக்கு மூன்று மாதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதற்கு ஆறு மாதம். போட்டாக்ஸுக்கு இரண்டு மூன்று சுற்று.

எவ்வளவு குறைந்தால் பலன் என்பது? மாதம் சில நாள் மட்டும் வரும் மைக்ரேனில் வலி நாட்கள் பாதியாகக் குறைவதை அளவுகோலாக வைக்கிறார்கள். நாட்பட்டதில் 30 சதவீதம் குறைந்தாலே மதிக்கத்தக்கது. 20 நாள் 14 நாளாவது வெளியே இருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியலாம். மாதத்தில் ஆறு நாள் திரும்பக் கிடைத்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோயாளி மருந்தை மாற்றக் கேட்டு வருவது எப்போது? வலி மிக மோசமாக இருக்கும் மாதத்தில். மைக்ரேன் தானாகவே ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் எதை மாற்றினாலும் அடுத்த மாதம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தப் பெருமை புது மருந்துக்குப் போய்விடும். போட்டாக்ஸுக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்த இரண்டு ஆய்வுகளில் மொத்தம் 1,384 பேர். 24 வாரத்தில் மருந்து ஊசி போட்டவர்களுக்கு மாதம் 8.4 தலைவலி நாட்கள் குறைந்தன. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கு 6.6 நாட்கள் குறைந்தன! போட்டாக்ஸ் பலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, வித்தியாசம் நிஜமானது. ஆனால் "மாற்றினேன், குறைந்தது" என்பதை மட்டும் வைத்து எந்த மருந்துக்கும் மாலை போடக் கூடாது. குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அமிட்ரிப்டிலினையும் டோபிராமேட்டையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, வெற்று மாத்திரையை இவை மிஞ்சப்போவதில்லை என்று கண்டு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு தடுப்பு மாத்திரைகளைச் சேர்த்து எழுதிய சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வு ஞாபகம் வரும்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நாட்பட்ட மைக்ரேன் உள்ள 8,688 பேரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, தொடங்கிய வாய்வழித் தடுப்பு மருந்தை ஆறு மாதத்தில் முறையாக எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 26 முதல் 29 சதவீதம். ஓராண்டில் 17 முதல் 20. பக்க விளைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் எரெனுமாபையும் டோபிராமேட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, பக்க விளைவால் நிறுத்தியவர்கள் எரெனுமாபில் 10.6 சதவீதம், டோபிராமேட்டில் 38.9 சதவீதம். டோபிராமேட் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: விரல் நுனியில் மரத்துப்போதல், பேசும்போது சொல் நாக்கு நுனியில் நின்றுவிடுவது. வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கு இதைவிடத் தொல்லை வேறென்ன வேண்டும்?

எப்படி மாற்றுவது? ஒன்றைச் சட்டென்று நிறுத்தி, மறுநாள் அடுத்ததை முழு அளவில் தொடங்குவதில்லை. பழையதை மெல்லக் குறைத்துக்கொண்டே புதியதை மெல்ல ஏற்ற வேண்டும். ப்ராப்ரனாலாலைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும்; இதய நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. ஃப்ளூனரிசின் வேறு மாதிரி. உடம்பில் அதன் அளவு பாதியாகவே ஏறத்தாழ 18 நாள் ஆகிறது. நிறுத்திய பிறகும் பல வாரம் உள்ளேயே இருக்கும். அந்தச் சமயத்தில் புது மருந்து தூக்கம் கொடுக்கிறது என்று பழி போடுவோம், தூக்கம் கொடுப்பது பழையதாக இருக்கும்.

இரண்டு மூன்று மருந்து தோற்றுவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. ஃப்ரெமனெசுமாப் ஊசியை, இரண்டு முதல் நான்கு வகைத் தடுப்பு மருந்துகள் ஏற்கெனவே தோற்றுப்போன 838 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கு வலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன. வெற்று ஊசியில் 9 சதவீதம். அதாவது, கைவிடப்பட்டவர்கள் என்று எழுதிவைத்தவர்களில் மூன்றில் ஒருவர். சிஜிஆர்பி ஊசிகளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் சிலருக்குப் பலிக்கிறது, குறிப்பாக வாங்கியை அடைப்பதிலிருந்து புரதத்தைப் பிடிப்பதற்கு மாறும்போது. இதற்கான ஆதாரம் சிறு எண்ணிக்கை நோயாளிகளிடமிருந்து வந்தது, ஆகவே எதிர்பார்ப்பை அடக்கியே வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-இல், இம்மருந்துகளுக்கு முன் மற்றவை தோற்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. அறிவியல்படி சரி. நம் ஊரில் அந்த ஊசிகளின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதனால் பழைய மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்தும் கலை இங்கே இன்னும் பல காலம் தேவைப்படும்.

இப்போது, சேர்ப்பது.

ஒரு மருந்து கால்வாசி குணம் தந்தது, இன்னொன்றைச் சேர்த்தால் அரைவாசி ஆகாதா என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும், மருத்துவர்களுக்கும் தோன்றியது. அமெரிக்காவில் அதைச் சோதித்தார்கள். டோபிராமேட் எடுத்தும் மாதம் பத்து தலைவலிக்குமேல் வந்துகொண்டிருந்த 191 நாட்பட்ட மைக்ரேன் நோயாளிகள். பாதிப் பேருக்கு டோபிராமேட்டோடு ப்ராப்ரனாலாலும், மீதிப் பேருக்கு டோபிராமேட்டோடு வெற்று மாத்திரையும். இரண்டுமே தனித்தனியே நிரூபணமான மருந்துகள். முடிவு? சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. இடையில் கணக்குப் பார்த்தபோதே தொடர்ந்து பயனில்லை என்று ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 2012-இல் வெளியானது. எழுதும் சீட்டில் பாதி, இந்த ஆய்வு நடக்கவே இல்லை என்பதுபோல எழுதப்படுகிறது.

ஒரு ஜோடி தோற்றதால் எல்லா ஜோடியும் தோற்கும் என்று சொல்லிவிட முடியாது. டோபிராமேட்டோடு, அமிட்ரிப்டிலினுக்கு உறவான நார்ட்ரிப்டிலினைச் சேர்த்து ஒரு சிறு ஆய்வில் பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆதாரம் மெலிந்த இடத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. நான் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதை ஏற்கும் சூழல் இரண்டு. முதலாவது, முதல் மருந்து உரிய அளவில், உரிய காலத்தில், எண்ணிக் காட்டக்கூடிய அளவு பலன் தந்து, ஆனால் போதாமல் இருப்பது. பலனே தராத மருந்தை வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது, விலைபோகாத சரக்கை அலமாரியில் வைத்துக்கொண்டே புதுச் சரக்கு இறக்குவது போன்றது. இரண்டாவது, சேர்க்கும் மருந்துக்கு அவர் உடம்பில் தனியாக ஒரு வேலை இருப்பது. தூக்கமின்மைக்கு அமிட்ரிப்டிலின், கூடிய ரத்த அழுத்தத்துக்குக் கேண்டசார்ட்டன். அப்போது மைக்ரேனுக்குக் கூடுதல் பலன் கிடைக்காவிட்டாலும் மாத்திரை வீணில்லை.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ஃப்ளூனரிசினும் ப்ராப்ரனாலாலும் ஒரே மாத்திரையில் கலந்து விற்கப்படுகின்றன. சௌகரியம்தான், ஒரு மாத்திரையோடு போயிற்று. ஆனால் ப்ராப்ரனாலாலை மட்டும் கூட்ட வேண்டும் என்றால் ஃப்ளூனரிசினும் கூடவே ஏறும். எடை போட்டால் எதை நிறுத்துவது? இரண்டையும் நிறுத்த வேண்டும். பலித்தால் எது பலித்தது? தெரியாது. இந்தக் கலவை மாத்திரையை முதல் மருந்தாக எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்த்து இரண்டும் வேண்டும் என்று ஆன பிறகு, வசதிக்காகக் கொடுத்தால் சரி.

சேரக் கூடாத சேர்க்கைகளும் உள்ளன. டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் சிலருக்கு ரத்தத்தில் அமோனியா கூடி மயக்கமும் குழப்பமும் வரும். ப்ராப்ரனாலாலோடு ரத்த அழுத்த மாத்திரையான வெராபமில் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ப்ராப்ரனாலால் எடுப்பவர் வலிக்கு ரிசாட்ரிப்டான் போட்டால், ரிசாட்ரிப்டானின் அளவு ரத்தத்தில் ஏறும். குறைந்த மில்லிகிராமே போட வேண்டும். அமிட்ரிப்டிலினோடு வேறொரு டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதினால், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சீட்டுகள் எல்லாம் ஒரே டாக்டர் கண்ணில் பட வேண்டும்.

போட்டாக்ஸோடு சிஜிஆர்பி ஊசியைச் சேர்ப்பது வசதியுள்ள நாடுகளில் இன்று பரவலாக நடக்கிறது. இதற்கு ஆய்வகத்தில் ஒரு நியாயம் உண்டு. பாஸ்டனில் ராமி பர்ஸ்டின் குழு எலிகளிடம் செய்த சோதனைகளில், போட்டாக்ஸ் மூளை உறையின் மெல்லிய சி வகை நரம்பிழைகளை அடக்கியது. ஃப்ரெமனெசுமாப் சற்றுப் பருமனான ஏ-டெல்ட்டா இழைகளை அடக்கியது. இரண்டும் வேறு வேறு வாசல். சேர்த்தால் இரண்டும் அடைபடும் என்பது நியாயமான ஊகம். போட்டாக்ஸ் போட்டவர்களுக்குப் பத்தாவது வாரம் வாக்கில் வலி தலைதூக்குவது வழக்கம். அந்த இடைவெளியை மாத ஊசி தாங்குகிறது என்று நோயாளிகள் சொல்கிறார்கள். பழைய பதிவுகளைத் தொகுத்த ஆய்வுகளும் ஆமோதிக்கின்றன. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த பெரிய ஒப்பீட்டு ஆய்வின் பலம் இதற்கு இன்னும் வரவில்லை. டோபிராமேட்டும் ப்ராப்ரனாலாலும்கூட ஆய்வுக்கு முன்பு நல்ல ஜோடியாகத்தான் தெரிந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்த சேர்க்கை மருந்துக்கடையில் கிடைக்காதது. 2010-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், அடிக்கடி மைக்ரேன் வரும் 232 பேர். எல்லோருக்கும் வலி வந்தால் போடும் மருந்தைச் சரியாக அமைத்துக் கொடுத்தார்கள். அதன்மேல் சிலருக்குப் ப்ராப்ரனாலால் வகை மருந்து, சிலருக்குப் பழக்கவழக்கப் பயிற்சி, அதாவது தசைத் தளர்வு, வலியைத் தூண்டுவனவற்றைச் சமாளிப்பது, மன அழுத்தத்தைக் கையாள்வது. சிலருக்கு இரண்டும். மருந்து மட்டும் சேர்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. பயிற்சி மட்டும் சேர்த்தபோதும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தபோது தெரிந்தது. நாட்பட்ட மைக்ரேனுக்கென்றே நடந்த ஆய்வு இல்லை இது. இருந்தாலும், இரண்டாவது மாத்திரைக்கு முன் இதைக் கேட்கலாம். ஆனால் இதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது? புற நோயாளிகள் பிரிவில் ஒருவருக்கு நாலு நிமிடம் கிடைக்கிறது. நாலு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம், மூச்சுப் பயிற்சி சொல்லித்தர முடியாது. குறை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, இது பேச்சின் நடுவே போகிற போக்கில் சொல்வதல்ல. வால்ப்ரோயேட் கருவில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சியையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு மைக்ரேனுக்காக அதை எழுதவே கூடாது. டோபிராமேட்டும் கருவுக்கு ஆகாது, உதடு பிளவுபட்டுப் பிறக்கும் வாய்ப்பைக் கூட்டும்; ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் அதற்கும் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதிக அளவில் அது கருத்தடை மாத்திரையின் சக்தியையும் குறைக்கும். கல்யாணம் நிச்சயமான பெண்ணின் சீட்டிலும் இவை இரண்டும் சேர்ந்து இருப்பதைப் பார்க்கிறோம். அம்மாக்களே, பெண்ணின் தலைவலி மாத்திரையைச் சம்பந்தி வீட்டாரிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கும் நீங்கள், டாக்டரிடம் கல்யாணத் தேதியை மறைக்காதீர்கள்.

மாற்றலும் சேர்த்தலும் சரியாக நடக்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். பால் கணக்கு எழுதும் காலண்டரே போதும். தலைவலி வந்த நாளில் ஒரு கோடு, வேலையை நிறுத்திப் படுக்க வைத்த நாளில் இரண்டு கோடு, வலி மாத்திரை போட்ட நாளில் ஒரு வட்டம். செயலியும் இருக்கிறது, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தாளில் இதுவரை சாப்பிட்ட தடுப்பு மருந்தின் பெயர், எட்டிய அதிகபட்ச அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள். "கேக்கல" என்றா, "ஒத்துக்கல" என்றா? அந்த ஒரு தாள், பை நிறையக் கொண்டுவரும் சீட்டுகளைவிட உபயோகமானது.

கடைசியாக நிறுத்துவது பற்றி, ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் போட்டாக்ஸுக்கு 2012-இல் விதி வகுத்தபோதே நிறுத்தும் விதியையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்: இரண்டு சுற்றுக்குப் பிறகு 30 சதவீதம்கூடக் குறையாவிட்டால் நிறுத்து; தொடர்ந்து மூன்று மாதம் 15 நாளுக்குக் கீழே இறங்கிவிட்டாலும் நிறுத்து. தோற்றாலும் நிறுத்து, ஜெயித்தாலும் நிறுத்து. சிஜிஆர்பி ஊசிகளை ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு இடைநிறுத்திப் பார்க்கலாம் என்று ஐரோப்பியத் தலைவலிக் கூட்டமைப்பு சொல்கிறது. சிலருக்கு வலி திரும்பும், அவர்களுக்கு மறுபடி தொடங்கலாம். வாய்வழி மருந்துக்கும் ஆறு மாதம், ஓராண்டு நன்றாக இருந்தால் மெல்லக் குறைத்துப் பார்ப்பது உண்டு. நம் ஊரில் இரண்டு மூன்று தடுப்பு மாத்திரைகளை, எதற்கென்றே மறந்துபோய், வருடக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுபவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். நீங்களாக ஒன்றையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "இன்னும் என்ன சேர்க்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால், "இதில் எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள்.